நூற்றுக்கு நூறு வாங்கிய ஊர்

என் மகள் தண்ணீர் குடிக்கும்போது நான் எந்த வேலையில் இருந்தாலும் நிறுத்திவிட்டுப் பார்ப்பேன். அவளுக்கு எட்டு வயதாகிறது. சொம்பைத் தூக்கி அண்ணாந்து ஊற்றிக்கொள்வாள். பாதி வாயில், பாதி பாவாடையில்.

"ஏம்மா என்னயவே பாத்துட்டு நிக்கற? நா என்ன சினிமாவா?" என்பாள்.

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போவேன். தண்ணீர் அவள் தொண்டையில் இறங்கும் சத்தம் பாதியில் நின்றுவிடுகிறதா என்று அங்கிருந்தும் காது கொடுத்துக்கொண்டிருப்பேன். என் வீட்டுக்காரர் இதற்குத் 'தண்ணிப் பாரா' என்று பெயர் வைத்திருக்கிறார். ஜெயிலில்கூடக் காவல் நிற்கும் பாராக்காரனுக்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு உண்டாம்.

இந்தப் பாரா எப்படி ஆரம்பித்தது என்று எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். எழுதினால் எனக்கு மரியாதை குறையும். குறையட்டும். அது அந்த நாளில் தேவைக்கு அதிகமாகவே இருந்தது. அதனால்தான் இவ்வளவும் நடந்தது.

நாமக்கல்லிலிருந்து எருமப்பட்டிப் பக்கம் போகும் பாதையில் இருந்தது எங்கள் ஊர். அங்கே பெண்கள் ஆரம்பப் பள்ளியில் நான் வாத்தியார். ஒரே வாத்தியார் என்பதால் தலைமை வாத்தியாரும் நானே, மணி அடிப்பதும் நானே. எட்டாவது வரை படித்து, சேலத்தில் பயிற்சி முடித்து வந்தவள். சுற்றுவட்டாரத்தில் இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண்பிள்ளை நான் ஒருத்திதான். இந்தச் செய்தியை ஊர் மறந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

சுகாதாரப் பாடம் வாரத்தில் இரண்டு நாள். "நீரைக் காய்ச்சி வடிகட்டிப் பருக வேண்டும்" என்று பிள்ளைகள் எல்லாம் ராகம் போட்டுக் கத்தும். கத்திக் கத்தித் தொண்டை வறண்டதும் எழுந்து ஓடி, பள்ளிக்குப் பின்னால் இருந்த படிக்கிணற்றில் இறங்கி, காலையும் நனைத்துக்கொண்டு, கையால் அள்ளிக் குடிக்கும். நான் தடுத்ததில்லை. அவற்றுக்குப் பின்னால் நானும் இறங்கிக் குடிப்பேன். பாடம் பாடம், தாகம் தாகம். இரண்டுக்கும் சம்பந்தம் உண்டு என்று பயிற்சிப் பள்ளியில் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வருஷத்துக்கு ஒரு முறை இன்ஸ்பெக்டர் வருவார். அதற்கு ஒரு வாரம் முன்பே பிள்ளைகளின் நகத்தை வெட்டி, தலையில் எண்ணெய் வைத்து, தரையைச் சாணம் போட்டு மெழுகி, பெட்டியில் இருக்கும் உலகப் படத்தை எடுத்துச் சுவரில் மாட்டுவேன். அவர் என்ன கேட்பார், எந்தப் பிள்ளை எழுந்து சொல்ல வேண்டும் என்பதெல்லாம் முன்கூட்டியே முடிவாகியிருக்கும். மந்தமான பிள்ளைகளுக்கு அன்று பூப்பறிக்கும் வேலை. அவர் மகிழ்ந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் உலகம் மறுபடி பெட்டிக்குள் போய்விடும். இப்படியே பதினைந்து வருஷம் ஓட்டினேன். ஒரு முறைகூட நான் பெயிலானதில்லை.

ஜெர்மனிச் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின வருஷம் தை மாதம், ஒரு நர்சம்மா எங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினார். வெள்ளைப் புடவை, தகரப் பெட்டி, குடை, காலில் கறுப்பு பூட்ஸ். கைக்குழந்தைகள் ஏன் இப்படிச் சாகின்றன, தாய்மார் எப்படி வளர்க்கிறார்கள், சீக்கு வந்தால் என்ன செய்கிறார்கள் என்று ஊர் ஊராக விசாரித்து எழுதிவர அவரை அனுப்பியிருந்தார்கள். நாகர்கோவில் பக்கத்துக்காரர். அவர் பேசுவதும் தமிழ்தான் என்று எங்கள் ஊரில் பாதிப் பேர் ஒப்புக்கொள்ளவில்லை.

முதல் வீட்டில் எத்தனை குழந்தைகள் என்று கேட்டிருக்கிறார். "உங்களுக்கு எத்தனைங்க?" என்று அந்த வீட்டுக்காரி திருப்பிக் கேட்டிருக்கிறாள். இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்றிருக்கிறார். "அப்பறம் என்னத்துக்குங்க கொழந்த வளக்கறதப் பத்தி எங்களக் கேக்கறீங்க?" என்று கதவு சாத்திக்கொண்டது. இரண்டாவது வீட்டில் செத்துப்போன குழந்தைகள் எத்தனை என்று வாயெடுத்ததும், உட்காரப் போட்ட பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். மூன்றாவது வீட்டில் பூட்ஸைப் பார்த்து நாய் குரைத்த குரைப்பில் கேள்வியே காதில் விழவில்லை.

மத்தியானம் பள்ளிக்கூடத்துக்கு வந்து என் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"டீச்சர், ஒங்க ஊருப் பொம்பளைய எங்கிட்ட வாயே தொறக்க மாட்டேங்காவ. நீங்க கேட்டு எழுதித் தருவியளா? உள்ளத உள்ளபடி எழுதினாப் போதும்."

கடைசியில் அவர் சொன்னது என் காதில் சரியாக ஏறவில்லை. 'டீச்சர்' என்றது மட்டும் ஏறியது. ஊரில் எல்லோரும் 'டீச்சரம்மா' என்றாலும், பூட்ஸ் போட்ட ஒருவர் சொல்லும்போது அதற்கு வேறு கனம்.

ஒரு கட்டு ஃபாரத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கேள்விகள் இங்கிலீஷில் அச்சடித்து, கீழே தமிழில் மையால் எழுதியிருந்தன. பிறந்த குழந்தைக்கு முதலில் என்ன கொடுப்பீர்கள்? தொப்புளில் என்ன தடவுவீர்கள்? வயிற்றுப்போக்கு கண்டால் தண்ணீர் கொடுப்பதுண்டா? நோய் கண்டால் முதலில் யாரிடம் காட்டுவீர்கள்?

காகிதத்தில் ஒரு கேள்வியைக் கண்டால் வாத்தியார் புத்திக்கு ஒன்றுதான் தோன்றும்: இதற்குச் சரியான விடை எது?

சரியான விடைகள் எனக்குத் தெரியும். சுகாதாரப் புத்தகத்தில் இருந்தன. எங்கள் ஊர் விடைகளும் எனக்குத் தெரியும். பிறந்த குழந்தைக்கு முதலில் விளக்கெண்ணெய். தொப்புளுக்குச் சாணிச் சாம்பல். வயிற்றால் போனால் தண்ணீரே கூடாது; ஊற்றினால் ஊற்றியது அப்படியே வெளியே வரும் என்பது கண்ணால் கண்ட உண்மை. முதலில் காட்டுவது தொக்கக்காரம்மாவிடம். தொக்கம் என்றால், குழந்தை எதையோ விழுங்கி அது வயிற்றில் சிக்கிக்கொண்டது என்று அர்த்தம். தொக்கக்காரம்மா ஒரு சிறு குழலைக் குழந்தையின் வயிற்றின்மேல் வைத்து உறிஞ்சித் தட்டில் துப்புவாள். அதில் ஒரு புளியங்கொட்டைத் தோலோ, ஒரு மயிரோ வந்து விழும். பெற்றவர்கள் அப்பாடா என்பார்கள்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினால் ஊர் மானம் என்ன ஆவது? இன்ஸ்பெக்டர் வருகிற வாரம் என்ன செய்வேனோ அதையே செய்தேன். நர்சம்மா திரும்பி வந்து கேட்டாலும் பிசகக் கூடாது என்று, ஊர்த் தாய்மாரைப் பள்ளி முடிந்ததும் வரச்சொல்லி, பெஞ்சில் உட்காரவைத்து ஒத்திகை நடத்தினேன்.

"கொழந்தைக்கு வயித்தால போனா என்ன குடுப்பீங்க?"

"ஒண்ணுங் குடுக்க மாட்டமுங்க."

"அப்படிச் சொல்லக் கூடாது. கொதிக்க வெச்சு, ஆற வெச்ச தண்ணி குடுப்போம்னு சொல்லோணும்."

"தண்ணி குடுத்தா இன்னும் ஜாஸ்தியாப் போவுமேங்க?"

"நெசமாவே குடுக்கச் சொல்லுச்சு யாரு? சொல்றதுக்கு என்ன கேடு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நெசவுத் தெருவிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். வகுப்பில் எப்போதும் முதல் பெஞ்சு. எழுந்து நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணி குடுப்போமுங்க" என்று ஒரு பிசகில்லாமல் ஒப்பித்தாள். இடுப்பிலிருந்த ஆண்குழந்தையும் தலையை ஆட்டியது. "பாருங்க, இப்படிச் சொல்லோணும்" என்று மற்றவர்களுக்கு அவளைக் காட்டினேன்.

அன்று சாயங்காலம் தொக்கக்காரம்மா தானாகவே பள்ளிக்கு வந்து நின்றாள். மெலிந்த உடம்பு, நல்ல உயரம், வாய் நிறைய வெற்றிலை.

"ஏனுங்க டீச்சரம்மா, ஊரையே கூப்புட்டுக் கேக்கறீங்க, என்னையக் கேக்கலியே? இந்த ஊருக் கொழந்தைக அத்தனையும் எங் கையில வந்துதானுங்க போவுது. எது பொழச்சுது, எது பொழைக்கலன்னு ஒண்ணு உடாம எனக்குத் தெரியுமுங்க."

"உங்களுக்கு இதுல கட்டமே இல்லீங்க" என்றேன். ஃபாரத்தை எடுத்துக் காட்டவும் காட்டினேன். அவள் அதைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். ஊரிலேயே விஷயம் தெரிந்த ஒரே ஆளை அப்படித் திருப்பி அனுப்பிவிட்டு, 'முதலில் யாரிடம் காட்டுவீர்கள்' என்ற கேள்விக்கு எல்லா வீட்டுக்கும் 'ஆஸ்பத்திரி' என்று எழுதினேன். ஆஸ்பத்திரி நாமக்கல்லில் இருந்தது. எங்கள் ஊரில் அதைப் பார்த்தவர்களைவிடக் காசியைப் பார்த்தவர்கள் அதிகம்.

கடைசி ஃபாரம் என் வீட்டுக்கு. மூத்தவனுக்குப் பெண் பார்க்கிற வயதில் எனக்குத் தொட்டில் கட்ட வேண்டி வந்ததில் ஊர் ஏற்கெனவே வாயில் துணியை வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தது. மகளுக்கு அப்போது ஒரு வயது ஆகியிருந்தது. அந்த ஃபாரத்தை என் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்தில் பூர்த்தி செய்தேன்.

பங்குனி பிறக்கும் முன்னே மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. எங்கள் ஊர்த் தாய்மாரின் அறிவைப் பாராட்டியிருந்தார்கள். மற்ற ஊர்களுக்கு இது ஒரு முன்மாதிரி என்று எழுதியிருந்தார்கள். நான் அதைச் சட்டம் போட்டு, உலகப் படம் மாட்டும் ஆணியில் மாட்டினேன். அதை மட்டும் கழற்றவில்லை.

அடுத்த வாரமே இன்னொரு செய்தி வந்தது. மேற்கே ஆறு மைலில் ஒரு ஊர். அங்கே பொம்பளைகள் வெட்கமே இல்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்களாம். சாணிச் சாம்பல், கழுதைப்பால், வயிற்றில் சூடு போடுவது எல்லாம். அந்த ஊருக்கு ஒரு குழந்தை நல நிலையமும், குழந்தையை நிறுக்கும் தராசும், மருந்துப் பெட்டியும், வாரத்தில் நான்கு நாள் அங்கேயே தங்க அதே நர்சம்மாவும். எங்கள் ஊருக்கு ஒன்றுமில்லை. எங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே.

"பெயிலான பிள்ளைக்குப் பரிசு குடுக்கற மாதிரி இல்ல இருக்குது!" என்று என் வீட்டுக்காரரிடம் பொரிந்தேன். அவர் மாட்டு வண்டியில் துணி மூட்டை போட்டுக்கொண்டு சந்தை சந்தையாகப் போய் விற்பவர். பேச்சிலும் கத்தரித்துத்தான் கொடுப்பார்.

"அடுத்த தடவ நீயும் பெயிலாப் போயிரு டீச்சரம்மா" என்றார்.

சித்திரையில் கிணறுகள் அடிமட்டத்துக்குப் போயின. படிக்கிணற்றில் இன்னும் பத்துப் படி இறங்கிச் சேற்றோடு அள்ளினோம். நெசவுத் தெருவில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஆரம்பித்தன. என் பழைய மாணவியின் ஆண்குழந்தை இரண்டு நாள் கிடந்து இறந்துபோனது. துக்கம் கேட்கப் போனேன். அவள் தோளில் கைவைத்து, நம்ம கையில என்ன இருக்குது சாமி என்றேன். எல்லோரும் சொல்வதுதான். வீட்டுக்கு வரும்வரை அழுதேன். என் பெட்டியில் அவள் பெயரில் ஒரு ஃபாரத்தின் நகல் இருந்ததும், அதில் 'தண்ணீர் கொடுக்கப்படுகிறது' என்று எழுதியிருந்ததும் நினைவுக்கே வரவில்லை.

எட்டாம் நாள் என் மகள்.

காலையில் பாலைக் கக்கினாள். மதியத்துக்குள் நான்கு முறை வயிற்றால் போனது. வீட்டுக்காரர் சந்தைக்குப் போயிருந்தார். நான் என்ன செய்தேன் என்று பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். எதையும் யோசித்துச் செய்யவில்லை. அவள் எட்டக்கூடிய இடத்தில் இருந்த தண்ணீர்ச் சொம்பை என் கை தானாக எடுத்து மேல் அலமாரியில் வைத்தது. அவ்வளவுதான். பதினைந்து வருஷம் நடத்திய சுகாதாரப் பாடம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு அப்போது தெரிந்த வார்த்தைகள் ஏழெட்டு. அதில் ஒன்று 'தண்ணி'. அன்று முழுக்க அதைச் சொன்னாள். "செத்த நேரம் பொறு சாமி" என்று நானும் முழுக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் அவள் அதைச் சொல்வதை நிறுத்திவிட்டாள். வயிறு அடங்கிவிட்டது, தேறிவிட்டாள் என்று நினைத்தேன்.

வீட்டுக்காரர் வண்டியோடு வந்து இறங்கினார். குழந்தையைப் பார்த்தார். "என்ன புள்ளே இது, கண்ணு உள்ள போயிருச்சு?" என்றார். நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தொக்கக்காரம்மாவிடம் நடந்தேன். கட்டமே இல்லாத அந்த அம்மாளிடம்.

அவள் ஒரு கேலி வார்த்தை பேசவில்லை. குழந்தையை மடியில் கிடத்தி, குழலை வயிற்றில் வைத்து உறிஞ்சித் துப்பினாள். தட்டில் ஒரு நிலக்கடலைத் தோல். என் மகளுக்கு நான் நிலக்கடலை கொடுத்ததே இல்லை. தொக்கக்காரம்மாவின் வாசலில் வறுத்த கடலைத் தோல் காற்றில் பறந்துகொண்டிருந்தது. இரண்டையும் பார்த்தேன். பார்த்துவிட்டும் அப்பாடா என்றுதான் மூச்சு விட்டேன்.

ஆனால் தொக்கக்காரம்மா அப்பாடா என்று மூச்சு விடவில்லை. குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளித் தூக்கி, பிறகு விட்டாள். தோல் இறங்காமல் அப்படியே மடிப்பாக நின்றது.

"அழுதாக் கண்ணுல தண்ணி வருதுங்களா?"

நான் கவனிக்கவில்லை.

"இது எங் கைக்கு அடங்காதுங்க டீச்சரம்மா. அந்த நர்சம்மாகிட்டத் தூக்கிட்டுப் போங்க."

"இப்பத்தானுங்களே தொக்கம் எடுத்தீங்க?"

"அது தொக்கமுங்க. இது வேற." துணியை உதறிக்கொண்டு எழுந்தாள். "எம் பொண்ணு அந்த ஊர்லதானுங்க வாழ்க்கப்பட்டிருக்கறா. அந்தம்மா கரண்டி கரண்டியாத் தண்ணி ஊத்தறதக் கண்ணால பாத்தனுங்க. எனக்கும் நம்பிக்க இல்ல. ஆனா கொழந்தைக பொழைக்குது. வண்டி கட்டச் சொல்லுங்க, நானும் வாரேன்."

வீட்டுக்காரர் துணி மூட்டைகளைத் தெருவிலேயே தள்ளிவிட்டு மாட்டைப் பூட்டினார். எங்கள் மாட்டுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. சந்தைக்குப் போகிற நடையிலேயே போனது. அன்றுவரை அதை அடித்தறியாதவர் அன்று அடித்தார். உச்சி வெயில். கொல்லிமலைப் பக்கம் ஒரு மேகம் இல்லை.

வழியில் தொக்கக்காரம்மா, "ஒரு வாயி குடுத்துப் பாக்கலாமுங்களா?" என்றாள். வண்டியில் சொம்பு இருந்தது, மாட்டுக்கென்று.

"வேண்டாமுங்க. போற வழியில இன்னும் போயிருச்சுன்னா?"

அவள் வற்புறுத்தவில்லை. குழந்தை என் முழங்கையில் முகத்தைத் திருப்பியது. வியர்த்திருந்த என் கையை நக்கியது. வறண்ட சின்ன நாக்கு, பூனை நாக்குப் போலச் சொரசொரவென்று. நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு நெற்றியில் முத்தம் கொடுத்தேன். இதை எழுதும்போதும் அந்தக் கையை மேஜைக்குக் கீழே இறக்கிக்கொள்ளத் தோன்றுகிறது.

நிலையம் என்பது ஒரு ஓட்டு வீட்டின் முன்னறை. நர்சம்மா குழந்தையை வாங்கினார். கண் இமையை விலக்கினார், வயிற்றைக் கிள்ளினார், உள்ளங்காலைத் தொட்டார்.

"எத்தன நாளா?"

"நேத்துக் காலையிலிருந்து."

"தண்ணி குடுத்தியளா?"

"குடுத்தேனுங்க. கொதிக்க வெச்சு, ஆற வெச்சு."

அந்த விடை எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேள்வி வந்தது, சரியான விடை வந்தது. குரலில் அதே ராகம்கூட இருந்தது.

நர்சம்மா முகம் மாறிப்போனது. "தண்ணி குடுத்தும் இப்படியா? அப்போ இது காலராவாத்தான் இருக்கும். எங்கிட்ட ஒண்ணும் இல்ல டீச்சர். நாமக்கல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்க, இப்பமே."

நாமக்கல் அங்கிருந்து இன்னும் எட்டு மைல். பஸ் போய்விட்டிருந்தது. வீட்டுக்காரர் வண்டியைத் திருப்பப் போனார். நான் குழந்தையை வாங்கக் கையை நீட்டினேன்.

"பொய்யிங்க."

எல்லோரும் திரும்பினோம். தொக்கக்காரம்மா வாசல்படியில் நின்றிருந்தாள்.

"நேத்துப் புடிச்சு ஒரு சொட்டுக் குடுக்கலீங்க. வண்டியில நாங் கேட்டும் குடுக்க உடல. இவிய பாடம் ஒப்பிக்கறாங்க. நீங்க கரண்டிய எடுங்க."

நர்சம்மா என்னைத் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. கெட்டிலில் இருந்த ஆறிய நீரில் ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கலக்கினார். முதல் கரண்டி உள்ளே போன வேகத்தில் வெளியே வந்தது. பாருங்க என்று சொல்ல வாயெடுத்தேன், அடக்கிக்கொண்டேன். இரண்டாவதும் வந்தது. மூன்றாவது நின்றது. அதன்பின் கரண்டி மாற்றிக் கரண்டி, பொழுது சாயும்வரை. தொக்கக்காரம்மா தலையைத் தாங்கிக்கொண்டாள். வீட்டுக்காரர் தோள்துண்டால் விசிறினார். எனக்கு ஒரு வேலையும் இல்லை. "எண்ணிக்கிட்டு வாங்க டீச்சர்" என்றார் நர்சம்மா, நான் ஏதாவது செய்துகொண்டிருக்கட்டும் என்று. எண்ணினேன். நாற்பதுக்குமேல் தப்பும் தவறுமாகப் போனது. கணக்கு வாத்தியார்.

வெயில் வாசலைவிட்டு இறங்கிய நேரத்தில், நர்சம்மா மடியில் கிடந்தவள் அந்த வெள்ளைப் புடவையைச் சூடாக நனைத்தாள்.

"மூத்திரம் போயிட்டா!" என்று நர்சம்மா கத்தினார். "மூத்திரமுங்க!" என்று தொக்கக்காரம்மா கத்தினாள். வீட்டுக்காரர் தெருவுக்கே ஓடிப்போய், யாரென்றே தெரியாத ஒரு கிழவரிடம், "எம் புள்ள ஒண்ணுக்குப் போயிட்டாளுங்க!" என்றார். அவரும் மரியாதையாக, "ரொம்ப சந்தோசமுங்க" என்றார். மகள் கரண்டியைப் பிடித்துக் கடித்தாள். பிடுங்கியதும் அழுதாள். ஒரு கண்ணிலிருந்து ஒரே ஒரு சொட்டு வந்தது.

நர்சம்மா ஈரப் புடவையோடே எழுந்து, தகரப் பெட்டியிலிருந்து எங்கள் ஊர் ஃபாரக் கட்டை எடுத்துவந்து என் முன் வைத்தார்.

"டீச்சர், இது பூராவும் பொய்யா?"

"பூராவும் இல்லீங்க. வீட்டுக்காரங்க பேரெல்லாம் சரிதான்."

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. எழுதாத ஃபாரங்கள் ஒரு கட்டு எடுத்துக் கொடுத்தார். "இந்தத் தடவ உள்ளத உள்ளபடி" என்றார். "உங்க ஊருக்கு ஒண்ணும் வேண்டாம்னு நாந்தான் கையெழுத்துப் போட்டேன், தெரியுமா?"

மகள் தேற ஒரு வாரம் ஆனது. தேறியதும் ஃபாரக் கட்டோடு கிளம்பினேன். முதல் ஃபாரம் என் வீட்டுக்கு. கையெழுத்து அவ்வளவு அழகாக வரவில்லை. தொக்கக்காரம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கென்று ஒவ்வொரு ஃபாரத்தின் ஓரத்திலும் மையால் ஒரு கட்டம் போட்டேன். "கொஞ்சம் பெருசாப் போடுங்க" என்றாள்.

உண்மையை வாங்குவது லேசாக இல்லை. எந்த வீட்டில் கேட்டாலும் "கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணி குடுப்போமுங்க" என்றார்கள். நன்றாகப் பாடம் நடத்தியிருந்தேன். "இல்ல, நெசத்தச் சொல்லுங்க" என்றால், "நெசத்தத்தானுங்களே நீங்க சொல்லிக் குடுத்தீங்க" என்றார்கள். கடைசியில் ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் முதலில் என் கதையைச் சொன்னேன்: சொம்பை மேலே தூக்கி வைத்தது, வண்டியில் கொடுக்க மறுத்தது, அவள் என் கையை நக்கியது, நர்சம்மாவிடம் பொய் சொன்னது. வெயிலில் நின்று வீடு வீடாக என் மானத்தை நானே கூறு போட்டு விற்றேன். அதற்குப் பிறகு அவர்கள் சொன்னார்கள். சில வீடுகளில் ஃபாரத்தில் இடம் போதவில்லை.

நெசவுத் தெருவைக் கடைசியில் வைத்திருந்தேன். அது தற்செயலாக நடந்ததில்லை.

என் பழைய மாணவி ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை இல்லாமல் அவள் உட்கார்ந்திருந்தது அன்றுதான் என் கண்ணில் பட்டது. என் கதையைச் சொன்னேன். ராட்டையை நிறுத்தாமலே கேட்டாள். நான் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றினாள்.

"டீச்சரம்மா, அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல, வயித்தால போனாத் தண்ணி குடுக்கோணும்னு சொல்லச் சொன்னீங்களே. அது நெசமாங்க?"

"நெசந்தான் சாமி."

ராட்டை நின்றது.

"காயிதத்துக்குச் சொல்றதுன்னு நெனச்சுட்டனுங்க."

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. என்னைத் திட்டவும் இல்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "எழுதுங்க" என்றாள். "ஒரு சொட்டும் குடுக்கலைன்னு எழுதுங்க." எழுதினேன். அடுத்த கேள்வி, இறந்த குழந்தைகள் எத்தனை என்பது. அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதையும் எழுதினேன். தொக்கக்காரம்மா வெளியே போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆடி பிறந்ததும் நர்சம்மா வாரத்தில் ஒரு நாள் எங்கள் ஊருக்கும் வர ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில்தான் உட்காருவார். சட்டம் போட்ட கடிதத்தைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் தராசை மாட்டினோம். அதெல்லாம் பிறகு.

அன்று நெசவுத் தெருவில் நான் ஃபாரத்தை மடித்து எழுந்தபோது அவளும் எழுந்து உள்ளே போனாள். கதவைச் சாத்தப் போகிறாள் என்று நினைத்தேன். ஒரு சொம்போடு வந்தாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. தண்ணி குடிங்க டீச்சரம்மா."

வாங்கி அண்ணாந்தேன். நான் குடித்து முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.